எத்தனை வாட்? — ஆம்ப்ளிபையரும் ஸ்பீக்கரும் தம்முட் பொருந்துமாறு

‘ஒலிபெருக்கி’ என்னும் சொல் தமிழில் வழங்கத் தொடங்கிய காலந்தொட்டே ஒரு மயக்கத்தையும் உடன்கொண்டு வந்துள்ளது. மின்னலையைப் பெருக்கித் தருவது ஒரு கருவி. பெருக்கப்பட்ட அம்மின்னலையை ஒலியாக மாற்றிக் காற்றில் விடுவது மற்றொரு கருவி. உண்மையிற் பெருக்குவது முன்னதே. பின்னது எதனையும் பெருக்குவதன்று. தன்பால் வந்த ஆற்றலிற் பெரும்பகுதியை வெப்பமாக்கி இழந்து, எஞ்சிய சிறுபகுதியையே ஒலியாக்குவது. ஆயினும் தெருமுனையிற் கம்பத்தில் கட்டிய குழாயைச் சுட்டியே நாம் ‘ஒலிபெருக்கி’ என்கிறோம். இம்மயக்கம் சொல்லளவில் நின்றிருக்குமாயின், அதனை ஆகுபெயர் என்று அடக்கித் தமிழ் வகுப்பிலேயே விட்டுவிடலாம். பொருள் வாங்குமிடத்தும் அது புகுந்து மக்களுடைய கைப்பொருளையும் செவியையும் கெடுத்தலினாலே அதனைப்பற்றிச் சில கூறத் துணிந்தேன். தெளிவின்பொருட்டு, கடைத்தெருவில் வழங்கும் ஆம்ப்ளிபையர், ஸ்பீக்கர் என்னும் இரு சொற்களையே ஈண்டுக் கையாள்வேன். தனித்தமிழ் அன்பர்கள் பொறுத்தருள்க.

இராஜபாளையத்திலாயினும் ஸ்ரீவில்லிபுத்தூரிலாயினும், வீட்டிலே நல்லிசை கேட்க விழைந்து கருவி வாங்கச் செல்வோர் கடைக்காரரை வினவும் முதல் வினா ‘எத்தனை வாட்?’ என்பதே. பலர்க்கு அதுவே இறுதி வினாவும் ஆகின்றது. வாட் என்பது ஆம்ப்ளிபையர் எவ்வளவு ஆற்றலைத் தரவல்லது என்பதற்கு அளவேயன்றி, அறையில் எவ்வளவு ஒலி எழும் என்பதற்கு அளவன்று. எவ்வளவு ஒலி எழும் என்பதைத் துணிவது ஸ்பீக்கரின் திறன். ஒரு வாட் ஆற்றலைப் பெற்ற ஸ்பீக்கர் ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் ஒலியைத் தருகின்றது என்று அளந்து அதனைக் குறிப்பர். இக்காலத்து வீட்டு ஸ்பீக்கர்களுட் பல 85 முதல் 90 டெசிபல் வரை தருவன. 95-க்கு மேற்பட்டவற்றை உயர்திறன் உடையன என்பர். குழாய் அமைந்தவையோ 100-ஐயும் கடந்து செல்லும்.

இவ்வேற்றுமை எங்ஙனம் உண்டாகின்றது? ஸ்பீக்கரின் கூம்புத்தாள் கனமுடையது. அது தள்ளவேண்டிய காற்றோ மிக மெலிது. கனத்த கையால் பஞ்சைத் தள்ளுவாரைப்போல, அது செலவிடும் முயற்சியில் நூற்றுக்கு ஒரு பங்குதானும் காற்றிற் சென்று சேர்வதில்லை. 88 டெசிபல் ஸ்பீக்கர் ஒன்று ஏற்கும் ஆற்றலில் ஒலியாவது நூற்றில் அரைப்பங்கினும் குறைவே. இக்குறையை நீக்கும் வழியை நம் நாட்டு நாகசுரக்காரர் பண்டே அறிந்திருந்தனர். நாகசுரத்தின் நுனியிலே ‘அணசு’ என்னும் விரிந்த வாய் ஒன்று உண்டு. உலவினுள்ளே நெருங்கி அதிரும் காற்றானது வெளியிலுள்ள பரந்த காற்றோடு திடீரெனக் கலவாது, மெல்ல மெல்ல விரிந்து கலத்தற்கு அது துணையாகின்றது. குழாய் ஸ்பீக்கரின் தத்துவமும் இதுவே. சிறிய தகடு ஒன்று குறுகிய கழுத்தில் காற்றை அழுத்துகிறது. கழுத்து படிப்படியாக விரிந்து வாயாகின்றது. இம்முறையால் நூற்றுக்குப் பத்து, இருபது பங்கும் ஒலியாதல் கூடும். கோவில் வீதியிலே நாகசுரம் ஒன்று மின்சாரத்தின் உதவியின்றியே ஊரை எழுப்புவதன் காரணத்தை இனி வேறு விளக்க வேண்டுவதில்லை.

உயர்திறன் ஸ்பீக்கர் முதலில் எழுந்தது இன்பத்திற்காக அன்று, வறுமைக்காக. 1906-ஆம் ஆண்டில் லீ டி பாரஸ்ட் மூன்று முனை வால்வை அமைத்தபின்னும், ஆம்ப்ளிபையர்கள் தரும் ஆற்றல் நெடுங்காலம் மிகச் சிறிதாகவே இருந்தது. 1919-இல் அமெரிக்க நாட்டுச் சான் டியகோ நகரில் வுட்ரோ வில்சன் பெருங்கூட்டத்தின்முன் பேசியபோது, மேக்னவாக்ஸ் குழாய்களே அவர் குரலைக் கொண்டு சென்றன. 1926-இல் நியூயார்க்கில் வைட்டபோன் முறையிற் படமும் ஒலியும் இணைந்தபொழுது, அரங்கு முழுவதையும் ஒலியால் நிரப்பிய ஆம்ப்ளிபையர்களின் ஆற்றல் சில வாட்டே. திரைக்குப் பின்னால் நின்ற பெருங்குழாய்களே குறையை நிரப்பின. 1931 அக்டோபர் 31-ஆம் நாள் ‘காளிதாஸ்’ சென்னையில் திரையிடப்பட்டுத் தமிழர் முதன்முறையாகத் திரையில் தம் மொழியைக் கேட்டதும் அக்காலத்துக் கருவிகளின் உதவியாலேயே. சென்னை நகராட்சி 1930-இல் வானொலி ஒலிபரப்பை மேற்கொண்டு, கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஸ்பீக்கர்களை நிறுவியதை அக்காலத்து வரலாற்றில் காணலாம்.

வீட்டினுள்ளும் நிலைமை இதுவே. 1947-இல் வில்லியம்சன் என்பார் வெளியிட்ட ஆம்ப்ளிபையர் அமைப்பு உலகெங்கும் போற்றப்பட்டது. அதன் ஆற்றல் 15 வாட். அதனை எவரும் சிறிதென்று இகழவில்லை. 1954-இல் எட்கர் வில்ச்சூர் என்பார், காற்றுப்புகாத சிறு பெட்டியிலிருந்தே ஆழ்ந்த மந்தர ஒலியை எழுப்பும் ஸ்பீக்கரை வெளியிட்டார். பெட்டி சிறுத்தது, மந்தரம் இறங்கியது, அவற்றின் விலையாகத் திறன் குறைந்தது. குறைந்த திறனை ஈடுசெய்ய ஆம்ப்ளிபையரின் வாட் உயர்ந்தது. டிரான்சிஸ்டர் வந்து வாட்டை மலிவாக்கிவிட்டமையால் அக்குறையை எவரும் பொருட்படுத்தினாரல்லர். சிறிய பெட்டி, ஆழ்ந்த மந்தரம், உயர்ந்த திறன் என்னும் மூன்றும் ஒருங்கே கிட்டா. இரண்டைக் கொள்வோர் மூன்றாவதை விடுத்தல் வேண்டும் என்பது இத்துறையாரின் தெளிந்த முடிபு. மூன்றும் உண்டென்று கூறி விற்பாரை ஐயுறுக.

இனிக் கணக்கிற்கு வருவோம். கணக்கென்றவுடன் தமிழ் மாணவர் அஞ்சவேண்டா. யாப்பிலக்கணத்தில் அசை பிரிக்கத் தெரிந்தவர்க்கு இது எளிதே. நினைவில் வைக்க வேண்டுவன இரண்டு. வாட் இருமடங்கானால் ஒலி 3 டெசிபல் ஏறும். பத்து மடங்கானால் 10 டெசிபல் ஏறும். திறந்த வெளியில் தொலைவு இருமடங்கானால் 6 டெசிபல் குறையும். வீட்டறையிலே சுவர்கள் ஒலியைத் திருப்பித் தருதலானும், ஸ்பீக்கர் இரண்டாதலானும் அத்துணைக் குறைவதில்லை. மூன்று மீட்டர் தள்ளி அமர்ந்திருப்பவர்க்கு ஏறத்தாழ 5 டெசிபல் குறையும் எனக் கொள்ளலாம்.

நன்கு உரத்துக் கேட்க விரும்பும் ஒருவர்க்கு இருக்கையில் 85 டெசிபல் வேண்டும் என்க. ஒரு மீட்டரில் 90 இருத்தல் வேண்டும். மிருதங்கத்தின் தொப்பி முழங்கும்போதும், பாடகர் மேல் ஸ்தாயியை எட்டும்போதும் ஒலி கணநேரம் 15 டெசிபல் உயர்ந்து 105-ஐத் தொடும். 88 டெசிபல் ஸ்பீக்கர் இதனைத் தருவதற்கு 17 டெசிபல் மிகுதி வேண்டும். அஃதாவது 50 வாட். 100 டெசிபல் ஸ்பீக்கருக்கோ 5 டெசிபல் மிகுதி போதும். அஃதாவது 3 வாட்டிற்குச் சிறிது மேல். உச்சம் நீங்கிய மற்றைப் பொழுதெல்லாம் அவ்வீட்டில் ஓடுவது ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கே! இக்கணக்கை முதன்முறை போட்டபோது நம்பாமல் மறுமுறை போட்டுப் பார்த்தேன், அதுவே வந்தது.

ஆயின் பெரிய ஆம்ப்ளிபையரை வாங்கித் திருகைச் சிறிதே திருப்பி வைத்துக்கொண்டால் என்ன குற்றம் என்று வினவலாம். வினா நேரியதே. விடை, இசையில் இல்லை. இசை இல்லாத பொழுதில் உள்ளது.

என் தாய்மாமன் ஒருவர் இராஜபாளையத்தில் வாழ்பவர்; முப்பதாண்டு நூற்பாலையில் உழைத்து ஓய்ந்தவர்; வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளில் பெருங்காதல் உடையவர். மூடப்பட்ட திரையரங்கு ஒன்றிலிருந்து விற்பனைக்கு வந்த குழாய் ஸ்பீக்கர் இரண்டினை வாங்கினார். அவை 100 டெசிபல் திறனுடையன, 8 ஓம். ‘இவ்வளவு பெரிய பெட்டிக்குப் பெரிய ஆம்ப்ளிபையரே வேண்டும்’ என்று ஒருவர் கூறியதை நம்பி 100 வாட் கருவி ஒன்றையும் சேர்த்து வாங்கினார். முன்னிரவில் எல்லாம் நன்றாயிருந்தது. தெரு அடங்கி, மின்விசிறியும் நின்றபின், பாட்டிற்கும் பாட்டிற்கும் இடையிலே பாம்பு சீறுவதுபோன்ற ஓர் இரைச்சல் எழுந்தது. மெல்லிய குரலில் தொடங்கும் கீர்த்தனைகளின் முதலடி அச்சீறலில் மூழ்கியது. அத்தை அக்கருவியை வீட்டைவிட்டு அகற்றுமாறு கூறத் தொடங்கினார்.

காரணம் இதுவே. ஆம்ப்ளிபையர் எதுவும் முற்றும் மௌனமுடையதன்று. உள்ளீடு இல்லாதபோதும் அதன் வாயில் நுண்ணிய மின்னதிர்வு ஒன்று இருந்துகொண்டேயிருக்கும். மாமன் கருவியில் அது 2 மில்லிவோல்ட் என்று ஒரு மெக்கானிக் அளந்து கூறினார். 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஒரு வாட் என்பது 2.83 வோல்ட். அதனினும் 2 மில்லிவோல்ட் 63 டெசிபல் தாழ்ந்தது. 88 டெசிபல் ஸ்பீக்கரில் இவ்விரைச்சல் 25 டெசிபலாய் ஒலிக்கும். இரவில் அடங்கிய வீட்டின் இயல்பான அரவம் 30 அளவு இருத்தலின், எவர் செவிக்கும் எட்டாது மறையும். 100 டெசிபல் ஸ்பீக்கரிலோ அது 37 ஆகி வெளிப்படும். திறனுடைய ஸ்பீக்கர் நல்லதையும் அல்லதையும் ஒருங்கே வெளிப்படுத்தும். அதற்கு வேண்டுவது வலிய ஆம்ப்ளிபையர் அன்று, அமைதியான ஆம்ப்ளிபையர்.

வால்யூம் திருகிலும் ஓர் இடர் உண்டு. பொதுவான ஆம்ப்ளிபையர் தான் பெற்ற வோல்ட்டை இருபது மடங்களவு பெருக்கும். இக்காலத்து இசைத்தட்டுக் கருவி தருவது 2 வோல்ட். உயர்திறன் ஸ்பீக்கரோடு இவை சேருமாயின், திருகைச் சிறிது அசைத்த அளவிலேயே வீடு அதிரும். திருகினுள்ளே இடத்திற்கொன்றும் வலத்திற்கொன்றுமாக இரு தடங்கள் உள. தொடக்கப் பகுதியிலே அவை ஒன்றோடொன்று ஒத்திருப்பது அரிது. ஆதலின் இரவில் மெல்லக் கேட்க முயன்றால் பாடகர் ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்பார்.

இவற்றைத் தீர்க்கும் வழி இரண்டு. ஆம்ப்ளிபையரின் முன்னே இரண்டு ரெசிஸ்டரை வைத்து வருகின்ற வோல்ட்டைக் குறைப்பது ஒன்று. இதனால் திருகின் இடர் நீங்கும். ஆம்ப்ளிபையரின் இறுதிப் பகுதியிற் பிறக்கும் இரைச்சல் நீங்காது. ஆம்ப்ளிபையருக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே ரெசிஸ்டர் வைத்து 10 டெசிபல் குறைப்பது மற்றொன்று. இதனால் இரைச்சலும் உடன்குறைந்து 37 என்பது 27 ஆகும். இசையின் உச்சத்திற்கு 3 வாட் வேண்டியிருந்த இடத்தில் 32 வாட் வேண்டியிருக்கும். எஞ்சியது ரெசிஸ்டரில் வெந்து போகும். 100 வாட் கருவியை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்க்கு இதுவே சிக்கனமான மருந்து. ரெசிஸ்டர் சூட்டைத் தாங்கும் அளவுடையதாயும், எதிரே காணும் ஓம் மாறாதபடி அமைந்ததாயும் இருத்தல் வேண்டும். மாமன் வீட்டில் முதலிற் செய்தது அதுவே. பின்னர் அக்கருவியைத் தம் மருமகனுக்குக் கொடுத்துவிட்டு, 8 வாட் அளவு தரும் சிறு ஐ.சி. கொண்டு கட்டிய ஆம்ப்ளிபையர் ஒன்றை அமைத்துக்கொண்டார். அதன் இரைச்சல் அரை மில்லிவோல்ட்டே. ஸ்பீக்கரில் 25 டெசிபல். அத்தையின் வழக்கு அன்றோடு முடிந்தது.

வால்வு ஆம்ப்ளிபையரை விரும்புவோரும் நம்மிடையே உளர். 300பி என்னும் வால்வு தனித்து நின்று தருவது 8 வாட் அளவே. அது பொருந்துவது உயர்திறன் ஸ்பீக்கர் ஒன்றோடுதான். அவ்வகைக் கருவியில் 4, 8, 16 ஓம் என மூன்று முனைகள் இருக்கும். ஸ்பீக்கரின் ஓமுக்கு உரிய முனையிலேயே கம்பியை இணைத்தல் வேண்டும். பழைய திரையரங்கு ஸ்பீக்கர்கள் பல 16 ஓம் ஆதலின் பின்புறத்து எழுத்தைப் படித்துப் பார்த்தல் இன்றியமையாதது. வால்வுக் கருவியை ஸ்பீக்கர் இணைக்காமல் ஓட்டுதல் கூடாது; அதன் டிரான்ஸ்பார்மர் கெடும். டிரான்சிஸ்டர் கருவிக்கோ கம்பிகள் இரண்டும் ஒன்றையொன்று தொடுதலே பகை.

பெட்டியின்மேல் அச்சிட்ட வாட் எண்ணைப்பற்றியும் ஒரு சொல். பி.எம்.பி.ஓ. என்னும் பெயரால் ஆயிரக்கணக்கான வாட்டை அச்சிட்டுப் பாட்டுப் பெட்டிகள் விற்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அவ்வெண்ணுக்கு எந்த அளவுமுறையும் ஆதாரமாக இருந்ததில்லை. பெட்டியின் பின்புறத்தே அது சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தின் அளவு பொறிக்கப்பட்டிருக்கும்; 40 வாட் எடுக்கும் பெட்டி 2000 வாட் தருவது எங்ஙனம் என்று சிறுபிள்ளையும் கேட்கும்.

மாமன் செய்தியில் நான் சொல்லவேண்டிய பகுதி இன்னும் ஒன்று உண்டு. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே. நூற்பாலையின் இரைச்சலிலே நெடுநாள் உழைத்தவர் செவி, 4000 அதிர்வு அளவிலுள்ள உயர்ந்த ஒலிகளை முதலில் இழக்கும். நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேரத்திற்கு 90 டெசிபலை எல்லையாக வைத்துள்ளன. 85-ஐயே எல்லையாகக் கொள்ளவேண்டும் என்பது மருத்துவ அறிஞர் பலர் கருத்து. இவ்வாறு செவி கெட்டவர்க்கு உயிரெழுத்து நன்றாகக் கேட்கும், மெய்யெழுத்துக் கேட்பதில்லை. உயிரொலியின் வலிமை தாழ்ந்த அதிர்வுகளில் உள்ளது. வல்லினத்தின் வெடிப்போ பெரும்பாலும் உயர்ந்த அதிர்வுகளில் உள்ளது. தாய், காய், பாய், வாய் என்னும் நான்கு சொல்லும் அவர்க்கு ‘ஆய்’ என்ற ஒன்றாகவே தோன்றும். நாம் உரக்கக் கூவினால் அந்த ‘ஆய்’ பெரிதாகுமேயன்றித் தாய் காயினின்றும் வேறுபடாது. எழுத்துகளின் பிறப்பிடத்தைத் தொல்காப்பியனார் அவ்வளவு நுணுகி வகுத்துரைத்ததன் அருமையை, மெய்யொலியை இழந்த முதியவர் ஒருவரோடு பத்து நிமிடம் உரையாடினாலும் உணரலாம்.

ஆகவே அத்தகையோர்க்கு வேண்டுவது வாட் அன்று, தெளிவு. நல்ல குழாய் ஸ்பீக்கர் இதற்கு ஏற்றது. அது ஒலியை நாற்புறமும் சிதறாது கேட்பவரை நோக்கியே செலுத்துகின்றது. சிமெண்டுச் சுவரும் கான்கிரீட் கூரையும் கல் பாவிய தரையும் உடைய நம் வீடுகளிலே சிதறிய ஒலி மீண்டு வந்து மெய்யெழுத்தை மூடிவிடும். ஸ்பீக்கரை இருக்கைக்கு நேரே திருப்பிச் செவியின் உயரத்தில் வைத்து, எதிர்ச் சுவரில் கனத்த துணி ஒன்றைத் தொங்கவிட்டால், ஒலியை ஏற்றாமலே சொல் விளங்கும். மாமன் இப்போது கீர்த்தனையின் சரணங்களைச் சொல் பிரித்துக் கேட்கிறார். ஆயினும் எச்சரிக்கை ஒன்று: 100 டெசிபல் ஸ்பீக்கரோடு 100 வாட் சேர்ந்தால் ஒரு மீட்டரில் 120 டெசிபல் எழும். முப்பதாண்டு ஆலை செய்ததைக் கைதவறிய திருகு சில நிமிடங்களில் செய்துவிடும்.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே தண்ணுமை ஆசிரியனின் தகுதி கூறப்படுகின்றது. ஏனைக் கருவிகளின் குறையை நிரப்புதலும், மிகுவதை அடக்குதலும் அவன் வினை. மைக் செட் நடத்துவோர்க்கு இதனினும் சிறந்த இலக்கணம் வேறு காணேன்.

வீட்டைக் கடந்து வீதிக்கு வருங்கால் இப்பொருத்தம் நீதிமன்றம் வரை சென்ற செய்தியாகின்றது. ஆடிப்பூரத்துத் தேரோட்டத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் வீதிகளிலும், ஆலயப் பண்டிகைகளில் நம்மவர் முற்றங்களிலும், கம்பந்தோறும் குழாய் கட்டும் வழக்கம் உண்டு. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலெல்லை 55 டெசிபல், இரவெல்லை 45. பொதுவிடத்தின் எல்லையில் ஸ்பீக்கரின் ஒலி அதனினும் 10 மிகலாம், 75-ஐக் கடத்தலாகாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் அதனை முழக்குதல் பொதுவாகத் தடுக்கப்பட்டது. ஆண்டில் சில நாட்களுக்கு மட்டும் அரசு நள்ளிரவு வரை விலக்களிக்கலாம். அவ்வாண்டு ஆகஸ்டு 30-ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கொன்று சென்னையில் எழுந்தது; வழக்காடியோர் சர்ச் ஆப் காட் (புல் காஸ்பல்) இன் இந்தியா என்னும் சபையாரும் கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி நலச் சங்கத்தாரும். பிறர் அமைதியைக் கெடுத்துத்தான் வழிபட வேண்டும் என்று எச்சமயமும் விதிக்கவில்லை என்பது அத்தீர்ப்பின் கருத்து. கிறிஸ்தவராகிய நாம் அதனைப் பிறர்க்குரிய தீர்ப்பென்று எண்ணுதற்கில்லை.

தெருக்குழாய் ஒன்று ஒரு வாட்டிற்கு 106 டெசிபல் தருவது எனக் கொண்டு கணக்கிடுக. 30 மீட்டர் தொலைவில் அது 76 ஆகும். குடியிருப்பெல்லையாகிய 65-ஐ அது கடந்துவிட்டது. பத்தில் ஒரு வாட் கொடுத்தால் 66 டெசிபல். ஏறத்தாழ அதுவே எல்லை. ஆனால் அக்குழாயினின்றும் 5 மீட்டரில் அமர்ந்திருப்பவர்க்கு அப்பத்தில் ஒரு வாட்டே 82 டெசிபலைத் தருகின்றது. பிரசங்கம் கேட்க அது தாராளம். 100 வோல்ட் கம்பியில் இணைக்கும் குழாய்களின் டிரான்ஸ்பார்மரில் வாட்டைக் குறைத்தெடுக்கும் முனைகள் உள்ளன. மிகச் சிறிய முனையில் இணைத்து, எஞ்சியதை ஆம்ப்ளிபையரின் திருகாற் குறைத்துக்கொள்ளலாம். கம்பத்தின் உச்சியில் ஒரு குழாயை ஊரை நோக்கிக் கட்டுதலை விடுத்து, ஆளுயரத்திற்குச் சிறிது மேலே நான்கைந்து குழாய்களைக் கட்டி, வாயை மக்கள் அமர்ந்திருக்கும் தரையை நோக்கிச் சாய்த்தல் வேண்டும். கம்பிக்கும் குழாய்க்கும் ஆகும் செலவு சிறிது மிகும். ஆம்ப்ளிபையருக்கு ஆகும் செலவு பெரிதும் குறையும்.